மளிகைக் கணக்கு மாதக் கணக்கு இல்லை, வருஷக் கணக்கு: டெல்டா வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஐந்தாறு வருஷமாக எங்கள் வீட்டில் ஒன்றாம் தேதி பட்ஜெட் போடுவோம். பன்னிரண்டாம் தேதிக்கு மேல் அதைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டோம். மளிகைக்கு 5000 என்று எழுதுவேன், 7500 ஆகும். சரி, கொஞ்சம் தாராளமாகவே போடுவோம் என்று அடுத்த மாதம் 6000 எழுதினால் 8000 ஆகும். ஒருநாள் நான் நோட்டும் பேனாவுமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை, அதாவது என் மாமியார், சொன்னார்: "மாசா மாசம் புளி வாங்குறவளுக்கு எந்தக் கணக்கும்மா நிக்கும்?"

அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் முழு விஷயமும் இருக்கிறது. நாம் இருப்பது காவிரிப் பாசனத்தில். இங்கே சாமான் விலை மாதச் சம்பளத்தைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. தையில் நெல், சித்திரையில் உளுந்து, பங்குனியில் புளி என்று களத்தையும் வெயிலையும் பார்த்துத்தான் இறங்குகிறது. பன்னிரண்டு மாதமும் ஒரே லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு ஒரே கடைக்குப் போனால், அந்த இறக்கம் எதுவும் நம் கைக்கு வராது.

வலங்கைமான் பக்கம் ஐந்து பேர் கொண்ட எங்கள் வீட்டில் செய்துபார்த்து நின்ற முறையை வரிசையாக எழுதுகிறேன். எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. மாதச் சம்பளம்தான். ரூபாய்க் கணக்கெல்லாம் எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: ஒரு மாதம் எதையும் குறைக்காதீர்கள், எழுத மட்டும் செய்யுங்கள்

பட்ஜெட் போடுகிறேன் என்று முதல் நாளே பூஸ்ட்டை நிறுத்துவது, முட்டையைக் குறைப்பது எல்லாம் வேண்டாம். வீட்டில் சண்டைதான் வரும். ஒரு மாதம் வழக்கம்போல வாங்குங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பொருள், அளவு, விலை, கடைசியாக "ஏன் வாங்கினோம்" என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்துக்காகத்தான் மற்ற எல்லாமே.

போனில் பணம் அனுப்புகிற வீடுகளில் "எல்லாம் போனிலேயே இருக்கே" என்பார்கள். போனில் இருப்பது 187 ரூபாய் என்ற எண் மட்டும். அது அரைக் கிலோ வெங்காயமா, பிஸ்கட்டா என்று மறுநாளே மறந்துபோகும். வந்தவுடன் எழுதிவிடுங்கள்.

எங்கள் நோட்டில் அந்த மாதம் தெருமுனைக் கடைக்கு 41 தடவை போயிருந்தோம். கடுகு தீர்ந்துபோச்சு, ரவை இல்லை, பையனுக்கு பென்சில். போன ஒவ்வொரு தடவையும் வேண்டியதோடு வேண்டாத ஒன்றும் வந்திருக்கிறது. கடலை மிட்டாய், சிப்ஸ், ஒரு சோப்பு. தடவைக்கு 20 ரூபாய் என்றாலே 820 ரூபாய். மளிகை மூட்டையில் எங்கே ஓட்டை என்று தேடிக்கொண்டிருந்தேன். ஓட்டை மூட்டையில் இல்லை, கடைக்குப் போகிற நடையில் இருந்தது.

இரண்டாம் படி: வீட்டில் எது எத்தனை நாள் வருகிறது?

இதை யாரும் கேட்டால் சட்டென்று சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாமல்தான் இருந்தேன். வழி சுலபம். எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் அதன்மேல் பேனாவால் தேதி எழுதுங்கள். தீருகிற நாளில் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் வீட்டின் அளவு தெரிந்துவிடும்.

அத்தை இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார். அவரிடம் ஒரு பித்தளை ஆழாக்கு உண்டு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ராத்திரி படுக்கப் போகும் முன் மறுநாள் அரிசியை அளந்து ஒரு தூக்கில் போட்டு மூடி வைத்துவிடுவார். காலையில் யார் சமைத்தாலும் அந்தத் தூக்கில் இருப்பதுதான். டம்ளரால் குத்துமதிப்பாக அள்ளுகிற நாளில் கூடுதலாக விழுவதும், மிஞ்சிய சோறு மாட்டுத் தொட்டிக்குப் போவதும் எங்கள் நோட்டில் நன்றாகவே தெரிந்தது. அளவுப் பாத்திரம் எதுவாக இருந்தாலும் சரி, எல்லோரும் ஒரே பாத்திரத்தால் அளக்க வேண்டும்.

எங்கள் அளவு இது. சோற்றுக்கும் டிபனுக்குமாக அரிசி நாளைக்கு ஒன்றேகால் கிலோ, மாதம் 37, 38 கிலோ. இட்லிக்கு வாரம் இரண்டு தடவை அரைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து. வருஷத்துக்கு 104 தடவை என்று வைத்தால் உளுந்து மட்டும் 26 கிலோ. இந்த எண் கையில் இல்லாமல் சித்திரையில் களத்துக்குப் போனால் பத்து கிலோ வாங்குவதா ஐம்பது கிலோ வாங்குவதா என்று விழிக்க வேண்டியதுதான்.

மூன்றாம் படி: ரேஷன் முதலில், கடை பிறகு

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரையும் வெளிக்கடையைவிட நல்ல குறைவு. இதை வாங்காமல் விட்டுவிட்டு மளிகையில் சிக்கனம் பேசுவதில் அர்த்தமில்லை. வரிசையில் நிற்க வெட்கப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதம் ஒரு மணி நேரம் நின்றால் பருப்பிலும் எண்ணெயிலும் மட்டும் இருநூறு ரூபாய்க்கு மேல் நிற்கிறது.

ரேஷன் புழுங்கலரிசியைச் சோறாகச் சாப்பிடப் பிடிக்காதவர்கள் அதை இட்லிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இட்லி முழுவதும் அந்த அரிசிதான். கடையில் வாங்கும் மாவு கிலோ கணக்கில் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கிலோ ரேஷன் அரிசியும் கால் கிலோ உளுந்தும் அரைத்தால் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் மாவு கிடைக்கிறது. செலவு அந்தக் கால் கிலோ உளுந்தும் கரண்டும் மட்டும்.

இன்னொன்று: ரேஷன் அரிசியில் இடையிடையே கொஞ்சம் வேறு நிறத்தில் மணிகள் தென்பட்டால் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியாதீர்கள். அது இரும்புச்சத்தும் வைட்டமினும் சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி. நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது.

எனவே மாத லிஸ்ட்டை ஒன்றாம் தேதி எழுத வேண்டாம். ரேஷன் வாங்கி வந்த பிறகு எழுதுங்கள். பருப்பு வந்தது, சர்க்கரை வந்தது என்று லிஸ்ட்டில் அடித்துவிட்டு, மிச்சத்துக்குத்தான் கடை.

நான்காம் படி: பணத்தை ஆறு சம்புடமாகப் பிரிப்பது

"மளிகை" என்று ஒரே எண் போட்டதுதான் நான் செய்த பழைய தவறு. இப்போது சாப்பாட்டுச் செலவு மொத்தம் 12,000. அதில் மாத மளிகை 4000. பால் 1500. காய்கறி, பழம் 2200. மீன், கறி, முட்டை 1700. சில்லறை 600. பண்டிகை, விருந்தாளிக்கு 500. மிச்சம் 1500 வருஷச் சாமானுக்கு, அதாவது விளைச்சல் காலத்தில் ஒரு வருஷத்துக்கு மொத்தமாக வாங்கி வைப்பதற்கு. அது மாதா மாதம் அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்குப் போகிறது. பன்னிரண்டு மாதத்தில் 18,000 ஆகும். மாசியில் ஆரம்பித்துச் சித்திரைக்குள் அதை எடுத்துச் செலவு செய்துவிடுவோம்.

வருஷச் சாமான் பணம் மட்டும் வீட்டில் இருக்கக் கூடாது. மற்ற ஆறும் ரொக்கமாக எவர்சில்வர் சம்புடங்களில் இருக்கிறது. போன் காலத்தில் இதென்ன பழங்காலம் என்று என் மகள் கேட்கிறாள். சம்புடம் காலியானால் கண்ணுக்குத் தெரியும், போனில் தெரியாது. அவ்வளவுதான் காரணம். மகளிர் உரிமைத் தொகை வருகிறவர்கள் அந்த 1000 ரூபாயை அப்படியே வருஷச் சாமானுக்கு ஒதுக்கலாம். ஒன்றாம் தேதிப் பணத்தோடு கலக்காமல் மாத நடுவில் வருவதால் தனியாக வைக்க வசதி.

முதல் வருஷம் 18,000 கையில் இருக்காது. முழுவதையும் ஒரே வருஷத்தில் செய்ய வேண்டாம். முதலில் உளுந்தும் புளியும் மட்டும் வாங்குங்கள். அதில் மிஞ்சுகிற பணம் அடுத்த வருஷம் மிளகாயையும் மல்லியையும் வாங்கிக் கொடுக்கும்.

ஐந்தாம் படி: எந்த மாதம் எதை வாங்குவது

அரிசியிலிருந்து ஆரம்பிக்கலாம். வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, குறுவைப் பருவ நெல் முடிந்து, அடுத்த பருவங்களான சம்பாவும் தாளடியும் தை, மாசியில் களத்துக்கு வரும். மாசி, பங்குனிதான் அரிசி வாங்கும் காலம். தெரிந்த விவசாயி இருந்தால் நெல்லாகவே பேசிக்கொள்வது நல்லது. நூறு கிலோ நெல் அரைத்தால் அறுபது முதல் அறுபத்தைந்து கிலோ அரிசி தேறும். அவித்துக் காயவைத்து அரைக்கும் கூலியையும் கூட்டிப் பார்த்துவிட்டு, கடை அரிசி விலையோடு ஒப்பிடுங்கள். கிலோவுக்கு ஐந்து ரூபாய்கூட வித்தியாசம் இல்லையென்றால் அந்த அலைச்சல் வேண்டாம். நானே இரண்டு வருஷம் செய்து விட்டுவிட்டேன். இப்போது மாசியில் மில்லில் ஆறு மூட்டை எடுத்து வைக்கிறேன். புது அரிசி குழையும், ஆடிக்கு மேல் அதே அரிசி உதிரியாக வரும், சோறும் காணும். இட்லிக்குத் தனியாக வாங்குகிறவர்கள் சி.ஆர் 1009 என்ற குண்டரிசியைக் கேளுங்கள்.

உளுந்துதான் இந்தப் பக்கத்தின் வரப்பிரசாதம். சம்பா அறுப்பதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நெற்பயிருக்குள்ளேயே உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவார்கள். தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. மண்ணில் இருக்கும் ஈரமும் பனியும்தான். எழுபது நாள் பக்கத்தில் முடிந்துவிடும். பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் ரோட்டோரமெல்லாம் செடியைப் போட்டு அடித்துக்கொண்டிருப்பார்கள். எல்லா வயலும் ஒரே சமயத்தில் வருவதால் வியாபாரி கேட்பதுதான் விலை.

அங்கேதான் நாம் போக வேண்டும். போன வருஷம் நானும் அத்தையும் போன களத்தில் வியாபாரி கேட்டதைவிடக் கிலோவுக்கு நாலு ரூபாய் கூட வைத்துக் கொடுத்தோம். விவசாயிக்கும் சந்தோஷம், எங்களுக்கும் கடை விலைக்குக் கீழே. ஆனால் விலை பேசும் முன் அத்தை ஒரு காரியம் செய்தார். குவியலின் மேலே எடுக்கவில்லை. கையை முழங்கைவரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். நாலு மணியை வாயில் போட்டுக் கடைவாயில் கடித்தார். "டக்குனு உடையலையே தம்பி, நசுங்குது. இன்னும் ரெண்டு காய்ச்சல் போடணும்" என்றார். அந்தத் தம்பியும் மறுக்கவில்லை. "ரெண்டு நாள் கழிச்சு வாங்க ஆச்சி" என்றார். ஈரமான உளுந்தை வாங்கினால் எடையில் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம், ஆடிக்குள் பூசணமும் பிடிக்கும். வாங்கி வந்ததை மொட்டைமாடியில் மறுபடி மூன்று வெயில் காயப் போட்டு, மில்லில் கொடுத்து உடைத்து, தோலோடு வைத்துக்கொள்கிறோம். ஊறவைக்கும்போது தோல் தானே கழன்று வரும். அந்தக் கழிவையும் வடைக்கும் களிக்கும் ஆவதையும் சேர்த்து 26 கிலோ தேவைக்கு 30 கிலோ வாங்குவோம். அதே நடையில் பச்சைப்பயறு ஐந்து கிலோ.

புளி மாசி, பங்குனியில் வரும். கொட்டை எடுத்த புதுப்புளி வெளுப்பாக இருக்கும், வருஷம் போகப் போகக் கறுக்கும். குழம்புக்கு ஒரு வருஷப் புளிதான் ருசி என்பார் அத்தை. அதனால் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு வருஷம் பின்தங்கித்தான் புளி ஓடும். மிளகாயும் மல்லியும் பங்குனி, சித்திரையில் புதுச்சரக்கு. மிளகாய்க்கு ராமநாதபுரம் பக்கத்துச் சரக்கு, மஞ்சளுக்கு ஈரோடு. காம்போடு இருக்கும் மிளகாயாக வாங்குங்கள். காம்பு கிள்ளிய மிளகாயில் வண்டு சீக்கிரம் விழும். மிளகாய்த்தூள் பாக்கெட்டை மாதா மாதம் வாங்குவதை நிறுத்தியதே எங்கள் லிஸ்ட்டில் பெரிய மாற்றம். மிளகாய், மல்லி, மஞ்சளைக் காயவைத்து இரண்டு மாதத்துக்கு ஒருதடவை அரைத்துக்கொள்கிறோம்.

சின்ன வெங்காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நமக்கு வரும் சரக்கில் பெரும்பங்கு பெரம்பலூர்ப் பக்கத்தது. விலை விழுகிற வாரம் பார்த்து, கோடை வெயில் இருக்கும்போதே பத்து கிலோ வாங்கி வடகம் போட்டுவிடுங்கள். வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கடைசியில் விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து உருட்டி, உருட்டிய உருண்டையை மறுநாள் உதிர்த்து மறுபடி உருட்டி, பத்துப் பதினைந்து நாள் காயணும். ஐப்பசி, கார்த்திகையில் வெங்காயம் எகிறும்போது ஒரு சின்ன உருண்டை தாளிப்புக்குப் போதும். 2019 கடைசியில் பெரிய வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்கள் தெருவில் கவலைப்படாமல் சமைத்தது வடகம் போட்ட வீடுகள்தான்.

கருவாட்டையும் பங்குனிக்குள் வாங்கிவிடுங்கள். ஏன் என்று மீன் பகுதியில் சொல்கிறேன். உப்பு வேதாரண்யம் பக்கத்திலிருந்து வருவது, எந்த மாதமும் கிடைக்கும், சேர்த்துவைக்க அவசியமில்லை. துவரை இங்கே பெரிய விளைச்சல் கிடையாது. ரேஷன் போக வேண்டியதை மாதா மாதம் வாங்கினால் போதும்.

ஆறாம் படி: வாங்கியது கெடாமல் இருக்க வேண்டுமே

இதில் நான் பட்ட அடியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் ஐப்பசியில் தள்ளுபடி என்று ஒரு கடையில் துவரம்பருப்பு 15 கிலோ வாங்கினேன். வெளியே அடைமழை. காயவைக்க வெயில் இல்லை. பிளாஸ்டிக் மூட்டையிலேயே வைத்துவிட்டேன். மார்கழியில் பிரித்தால் பருப்பு பாதி, மாவு பாதி, வண்டு மீதி. தப்பு கடைமேல் இல்லை, என்மேல்தான். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மூட்டை வாங்கும் மாதமே இல்லை. தள்ளுபடி எவ்வளவு இருந்தாலும் இல்லை.

பருப்பு, பயறு எதுவானாலும் வெயிலில் காய்ந்த பிறகு ஒரு ராத்திரி ஆறவிட்டுத்தான் டின்னில் கொட்ட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துவிடும். துவரம்பருப்புக்கு ஒரு கிலோவுக்கு ஒரு சின்னக் கரண்டி விளக்கெண்ணெய் விட்டுப் பிசறிக் காயவைத்தால் பூச்சி அண்டாது. அரிசி மூட்டைக்குள் நிழலில் உலர்த்திய வேப்பிலையும் காய்ந்த மிளகாயும். புளியை உப்புத் தூவி ஜாடியில் அழுத்தி அடைக்க வேண்டும், பிளாஸ்டிக்கில் வேண்டாம். ரவையையும் சேமியாவையும் வாங்கின அன்றே வறுத்து வைத்துவிடுங்கள். சாப்பிடும் பொருளில் பூச்சி மருந்து, போரிக் பவுடர் எதுவும் கூடாது, எவ்வளவு சொன்னாலும்.

ஆடியில் ஒருதடவை எல்லா டின்னையும் திறந்து முறத்தில் புடைத்து மறுபடி ஒரு வெயில் காட்டுங்கள். மழைக்கு முன் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அது. ஐப்பசி பிறக்கும்போது அவல், பொட்டுக்கடலை, மெழுகுவத்தி, பால் பவுடர் என்று பத்து நாளுக்கு அடுப்பெரிய வேண்டியது இருக்கிறதா என்று பாருங்கள். 2018 நவம்பர் 16 கஜா புயல் அடித்த பிறகு மின்சாரம் வர வாரக் கணக்கில் ஆன ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. கிரைண்டர் ஓடாது, இட்லி மாவும் கிடையாது. அவல் வைத்திருந்த வீடு தப்பித்தது.

ஏழாம் படி: மாத மளிகை

வருஷச் சாமானும் ரேஷனும் போக மாத லிஸ்ட்டில் மிஞ்சுவது எண்ணெய், காபித்தூள், கடுகு சீரக வகையறா, ரவை, மைதா, சோப்பு, பேஸ்ட், அவ்வளவுதான். மாதத்துக்கு ஒரே தடவை, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பிள்ளைகளுக்கென்று ஒரு தொகையைக் கையில் கொடுத்து அவர்களே கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள். என் பையன் 50 ரூபாயை வைத்துக்கொண்டு இரண்டு பிஸ்கட்டின் எடையை ஒப்பிட்டுப் பார்க்கிற அழகே தனி.

பாக்கெட்டின் விலையைப் பார்க்காமல் எடையைப் பாருங்கள். விலை ஏறாமல் எடை இறங்கியிருக்கும். இப்போது பல பாக்கெட்டுகளில் மொத்த விலைக்குப் பக்கத்திலேயே ஒரு கிராமுக்கு என்ன விலை என்று பொடி எழுத்தில் போடுகிறார்கள். அதை ஒப்பிடுங்கள். எண்ணெயில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் எடையில் சுமார் 910 கிராம். அதே உயரத்துக் கவரில் 850 மில்லியும் 800 கிராமும் நிற்கும். சமையலுக்கும் சாமி விளக்குக்கும் ஒரே எண்ணெயை ஊற்றாதீர்கள், கணக்கும் குழம்பும்.

அரிசி மூட்டை 26 கிலோவாக ஏன் வருகிறது என்று கேட்பார்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்கும் பெயர் அச்சிட்டுக் கட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதற்கு மேல் கிடையாது. அதனால்தான் ஒரு கிலோ கூட. 25 கிலோ மூட்டையையும் 26 கிலோ மூட்டையையும் விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம். கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். சில்லறையாக நிறுத்துத் தருகிற பருப்புக்கும் வரி கிடையாது.

எட்டாம் படி: காய்கறியும் மீனும் வாரக் கணக்கு

காய்கறிப் பணம் மாதத்துக்கு 2200 என்று இருந்தாலும் வாரத்துக்கு 500தான் எடுப்பேன். மிச்சம் இருப்பது ஐந்தாவது வாரத்துக்கு. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இருக்கிறவர்கள் உழவர் சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 1999இல் ஆரம்பித்த திட்டம். விலைப் பலகை இருக்கும், நிறுவையில் ஏமாற்று கிடையாது. ஏழு மணிக்கு மேல் போனால் கீரையும் கத்தரியும் நல்லது போய்விடும்.

இந்தக் காய்தான் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போகாதீர்கள். "இரண்டு பொரியல் காய், ஒரு சாம்பார் காய், இரண்டு கீரை" என்று மட்டும் எழுதுங்கள். அன்றைக்கு எது மலிவோ அது. முருங்கைக்காய் கார்த்திகையில் தங்கம், வைகாசியில் ஒரு கட்டாகத் தூக்கிக் கொடுப்பார்கள். கார்த்திகையில் முருங்கைக்காய்ச் சாம்பார்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பட்ஜெட் என்ன செய்யும்? 2023 ஜூன், ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியபோது எங்கள் வீட்டில் புளிக்குழம்பு, மோர்க்குழம்பு, எலுமிச்சை ரசம் என்று ஓட்டினோம். யாரும் இளைத்துப் போகவில்லை.

மீன் விஷயம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. நாகப்பட்டினத்திலிருந்தும் மல்லிப்பட்டினத்திலிருந்தும் அப்போது வருவது நாட்டுப்படகு மீன் மட்டும். விலை ஏறத்தான் செய்யும். அந்த இரண்டு மாதம் வஞ்சிரம் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். அதே சமயத்தில்தான் கோடையில் வற்றும் குளங்களில் மீன் பிடிப்பார்கள். கெண்டையும் கெளுத்தியும் விராலும் துள்ளத் துள்ளக் கரையிலேயே கிடைக்கும். அதுவும் இல்லாத வாரம் பங்குனியில் வாங்கிய கருவாடு. புரட்டாசியில் கறி, மீன் எடுக்காத வீடுகளில் அந்த மாதத்து 1700ஐ அப்படியே தீபாவளிக்காகப் பண்டிகைச் சம்புடத்துக்கு மாற்றிவிடுங்கள். வேறெதிலாவது கரைந்துபோக விடாதீர்கள்.

ஒன்பதாம் படி: கடன் நோட்டு

தெருமுனைக் கடையில் நோட்டுப் போட்டு வாங்குவது நம் ஊர்ப் பழக்கம். கையில் காசில்லாத நாளில் அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நோட்டு கடையில் மட்டும் இருந்தால் ஆபத்து. ஒரு மாதம் எங்கள் பக்கத்தில் ஒரே எண்ணெய்ப் பாக்கெட் இரண்டு தேதியில் ஏறியிருந்தது. கேட்டபோது திருத்திக் கொடுத்துவிட்டார்கள். நான் கையில் குறித்துவைத்திருந்ததால்தான் கேட்க முடிந்தது. வீட்டில் இன்னொரு நோட்டு இருக்கட்டும். பிள்ளைகள் போய் "அம்மா பேர்ல எழுதிக்கோங்க" என்று வாங்குவதை முதல் வேலையாக நிறுத்துங்கள். சில்லறைச் சம்புடத்தில் இருக்கிற 600ஐத் தாண்டி நோட்டு ஏறக் கூடாது.

கடைக்குப் போகும் தடவையைக் குறைக்க ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். அடுக்களைக் கதவின் பின்னால் ஒரு காகிதம். தீர்ந்த பொருளை இல்லை, தீரப் போகிற பொருளை அதில் எழுதணும். புதன், சனி இரண்டு நாள் மட்டும் கடை. மற்ற நாளில் கடுகு இல்லையென்றால் கடுகு இல்லாமல் தாளிப்பு. முதல் மாதம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். 41 தடவை 11 ஆனது.

பத்தாம் படி: தாண்டிவிட்டால்?

தாண்டும். ஆடிப்பெருக்குக்குச் சித்ரான்னம், தீபாவளிப் பலகாரம், பொங்கலுக்குக் கரும்பு, நடுவில் சொல்லாமல் வந்து நாலு நாள் தங்கும் நாத்தனார் குடும்பம். விருந்தாளிக்குச் செலவு செய்துவிட்டுக் கணக்குப் பார்த்து முகம் சுளிப்பது நம் வீட்டுக்கு அழகில்லை. அதற்குத்தான் மாதம் 500 ஒதுக்கியது. அது போதாமல் போனால் காய்கறியிலிருந்து எடுக்கலாம், மீனிலிருந்து எடுக்கலாம், வருஷச் சாமான் கணக்கைத் தொடவே கூடாது. அதில் கைவைத்த வருஷம் சித்திரையில் களத்துக்குப் போக முடியாது. பிறகு பன்னிரண்டு மாதமும் கடை விலைதான்.

கூடிப்போன தொகையை அடுத்த மாதத்தில் ஒரே அடியாகக் குறைக்கப் பார்க்காதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்குப் பரப்பிவிடுங்கள்.

கடைசி வேலை பங்குனியில். எல்லா டின்னையும் கவிழ்த்துத் துடைக்கும்போது எதில் எவ்வளவு மிச்சம், எது எந்த மாதம் தீர்ந்தது என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். அதுதான் அடுத்த வருஷத்துக்கு லிஸ்ட். எங்கள் வீட்டில் இந்தத் தடவை உளுந்து இரண்டு கிலோ மிச்சம், மல்லி மாசியிலேயே தீர்ந்துபோனது, போன வருஷப் புளி ஜாடி இன்னும் திறக்கவில்லை. அதனால் உளுந்து 28, மல்லி 12, புளி பாதி. அத்தை மட்டும் உளுந்தைக் குறைக்க ஒப்பவில்லை. பேரன் வளருகிறானாம், வடை அதிகம் தின்பானாம். 30 என்றே எழுதியிருக்கிறேன்.